ஜெட்டை மாற்றுவதற்கு முன்: பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கில் பிஸ்டன் ஏன் பிடித்துக்கொள்கிறது?

முழு வேகத்தில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் பைக்கில் முதலில் மாறுவது சத்தம்தான். கணீரென்று இருந்த ஓசை மந்தமாகும். யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல வேகம் தளரும். அப்போதும் ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தால், ஓரிரு நொடிகளில் என்ஜின் இறுகி நின்று, பின்சக்கரம் சுழலாமல் தாரில் கறுப்புக் கோடு போட்டபடி வண்டி வழுக்கும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தவர் விழாமல் பிழைப்பார். டூ-ஸ்ட்ரோக் பந்தய வண்டிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஓட்டுநர்கள் இடது கையின் ஒரு விரலையாவது கிளட்ச் லீவரின் மேல் வைத்தே ஓட்டியது இதற்காகத்தான்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒரே கதை. சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து ‘போர்’ போடுவார்கள், புதுப் பிஸ்டன் ஏறும், கூடவே “கலவையில் பெட்ரோல் போதவில்லை” என்று கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகை, ஒரு அளவு பெரிதாக்குவார்கள். என் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கும் இதையே இரண்டு முறை செய்தார்கள். இரண்டு முறையும் திண்டிவனம் சாலையில் சில நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் பிடித்துக்கொண்டது. மூன்றாவது முறை ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் என்ஜினின் இடப்பக்கம் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கின் இடப்பக்க ஆயில் சீல், அதாவது காற்றும் எண்ணெயும் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், கல்போல இறுகி, உதட்டில் விரிசல் விட்டிருந்தது. குற்றவாளி ஜெட் இல்லை. இவ்வளவு காலம் இந்த வண்டிகளோடு பழகியதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: பழைய டூ-ஸ்ட்ரோக்கில் ஜெட் என்பது கடைசியாகத் தொட வேண்டியது. முதலில் தொடுகிறவர் அடுத்த பிஸ்டனுக்கும் பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

ஏன் என்று புரிய, அந்த என்ஜினுக்குள் இருக்கும் இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும். 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டில் இங்கே தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100-இன் கொள்ளளவு 98 சிசி. சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடப்படுவது மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். பிஸ்டன் அலுமினியக் கலவை, சுவர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி கூடினால் 50 மி.மீ. அலுமினியம் 0.115 மி.மீ. அளவுக்கு விரிகிறது, அதே அகல இரும்பு சுமார் 0.06 மி.மீ.தான் விரிகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இடைவெளி முழுவதையும் விழுங்கப் போதுமானது. அதற்காகத்தான் பிஸ்டனை மேலே சற்றுக் குறுகலாகவும், வட்டமாக இல்லாமல் லேசான நீள்வட்டமாகவும் கடைகிறார்கள். கணித்த சூட்டுக்குள் இருக்கும்வரை அது சரியாகப் பொருந்தி ஓடும். அதைத் தாண்டினால் எண்ணெய்ப் படலம் நசுங்கி, அலுமினியம் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்பிய அலுமினியம் மேலும் உரசும், உரசல் மேலும் சூடாக்கும். மீதி நடந்து முடிய ஒரு நொடி போதும்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவது இங்கே ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது. பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டியும் கிடையாது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை முதலில் கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் நுழைந்து, பேரிங்குகளையும் பிஸ்டனின் அடிப்பக்கத்தையும் நனைத்துவிட்டே மேலே போகிறது. அந்தக் கலவையில் உள்ள பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. ஆக, இந்த என்ஜினில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல, குளிர்விக்கும் திரவமும்கூட. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டியில் மசகையும் அதுவே சுமந்து வருகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்தால், அதாவது பட்டறை மொழியில் லீன் ஆனால், எரிப்பின் சூடு கூடுகிறது, குளிர்ச்சி குறைகிறது, எண்ணெயும் குறைகிறது. மூன்றும் சேர்ந்தே வரும்.

பிஸ்டனைக் கழற்றியவுடன் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதை அது தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்து மற்ற பக்கங்கள் சுத்தமாக இருந்தால், மிதமிஞ்சிய சூடு. லீன் கலவையே முதல் சந்தேகம். சுற்றளவில் நான்கு இடங்களில், தூண் நட்டதுபோலச் செங்குத்தாகக் கீறல்கள் இருந்தால் கலவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு முறுக்கி ஓட்டியதில் பிஸ்டன் சூடேறிவிட்டது, சிலிண்டர் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது. அல்லது போர் போட்டவர் இடைவெளியைக் குறைத்து விட்டிருக்கிறார். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடை முழுவதும், கார்புரேட்டர் பக்கம்கூட, வறண்டு தேய்ந்திருந்தால் எண்ணெய் போய்ச் சேரவில்லை. பிஸ்டன் தலையின் நடுவே ஓட்டை விழுந்திருந்தால் பிளக்கின் நுனியோ கரித்துண்டோ பழுத்துச் சிவந்து, பொறி விழுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்திருக்கிறது. தலையின் ஓரம் அரித்தாற்போலப் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் அது நாக்கிங், கலவை ஒழுங்காக எரியாமல் தட்டித் தட்டி வெடிப்பது. பற்றவைப்பு நேரம் முந்திப்போனதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஜெட்டோடு நேரடி உறவுள்ளது முதல் வகை மட்டுமே. அதிலும் கலவை லீன் ஆனதற்கு ஜெட் காரணமாக இருப்பது அரிது. தொழிற்சாலை போட்ட அதே ஜெட்டோடு பல ஆண்டுகள் நன்றாக ஓடிய வண்டி, திடீரென்று இன்று ஏன் லீன் ஆக வேண்டும்? ஜெட்டின் துளை தானாகச் சுருங்குவதில்லை. வேறெங்கோ காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் வந்து சேரவில்லை.

பெட்ரோல் வராததைக் கண்டுபிடிப்பது எளிது. டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளை தூசியடைத்திருந்தால், ஊருக்குள் சிக்கலே தெரியாது. நெடுஞ்சாலையில் ஐந்து கிலோமீட்டர் போனதும் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்கத் தயங்கும், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையில் மட்டம் தாழும், கலவை லீன் ஆகும். இறங்கி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். டேங்கின் உள்துரு பெட்ரோல் டேப்பின் வலையில் சேர்வதும் இதே விளைவைத் தரும். குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்து, மூடி மூடிய நிலையிலேயே சீராக ஒழுகுகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் இந்தப் பக்கம் முடிந்துவிடும்.

காற்று புகுவதுதான் தந்திரமான எதிரி. டூ-ஸ்ட்ரோக்கின் கிராங்க்கேஸ் ஒரு காற்றுப் பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அழுத்துகிறது. கார்புரேட்டரைத் தவிர வேறு எந்த வழியாக உறிஞ்சினாலும் அது பெட்ரோல் இல்லாத வெறுங்காற்று. அந்த வழிகள் பல: கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர், கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், கிராங்க்கேஸ் பாதிகள் சேரும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராங்க்கின் இரு முனைகளில் உள்ள ஆயில் சீல்கள். முப்பது ஆண்டு வயதான ரப்பர் ஓடாமல் நின்ற வண்டியிலும் இறுகிப்போகும். ஓட்டமே இல்லாமல் கொட்டகையில் கிடந்த வண்டியை வாங்கி, துடைத்து, வண்ணம் அடித்து, சீலை மாற்றாமல் சாலையில் இறக்குவது பெரும் ஆபத்து.

இரு பக்கச் சீல்களும் ஒரே மாதிரி கெடுவதில்லை. கிளட்ச் பக்கச் சீல் போனால் கிராங்க்கேஸ் கியர் ஆயிலை உறிஞ்சும். புகை அடர்ந்து வரும், கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும். ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். மேக்னெட் பக்கச் சீல் போனால் உறிஞ்சுவது வெறுங்காற்று. புகை கூடாது, எதுவும் ஒழுகாது. அறிகுறி காதுக்குத்தான் கிடைக்கும்: ஐட்லிங் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் உடனே அடங்காமல் உயர்ந்த சுற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பலர் இதை, ஐட்லிங் கலவையில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். அதே அறிகுறி ஒரு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் பிஸ்டனாகத் திரும்பி வரும்.

இந்தக் கசிவைப் பெரிய ஜெட் ஏன் குணப்படுத்தாது? கசியும் காற்றின் அளவை ஆக்சிலேட்டர் தீர்மானிப்பதில்லை, கிராங்க்கேஸின் உறிஞ்சல் தீர்மானிக்கிறது. மெயின் ஜெட் வேலை செய்வது ஆக்சிலேட்டரின் கடைசிக் கால் பங்கில். அங்கே கார்புரேட்டர் முழுதாகத் திறந்திருப்பதால் மொத்தக் காற்றில் கசிவின் பங்கு சிறியது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரைக் குறைத்தால்தான் உறிஞ்சல் உச்சத்துக்குப் போகும், கசிவின் பங்கும் அப்போதுதான் மிகப் பெரிதாகும். அந்த நேரத்தில் மெயின் ஜெட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உதவிக்கு வராது. முழு ஆக்சிலேட்டரில் தேவைக்கு மீறிய பெட்ரோல், குறைந்த ஆக்சிலேட்டரில் பஞ்சம் என்று வண்டி இரண்டு பக்கமும் கெடும்.

சோதிக்கும் முறை எளிது. சைலன்சரைக் கழற்றி அந்த வாயை ரப்பர் தகடு வைத்துப் போல்ட்டால் இறுக்க வேண்டும். கார்புரேட்டர் இருந்த இடத்தை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடி, அதில் ஒரு குழாய் செருக வேண்டும். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தையும் முள்ளையும் அந்தக் குழாயில் இணையுங்கள். தேவைப்படும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆறு பவுண்டு. அந்தக் கருவியின் முள் காட்டும் 300 என்பது கிட்டத்தட்ட அதே அளவு என்பது நம் அதிர்ஷ்டம். 300 வரை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால், முள் 250-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்பு நீரைத் தூரிகையால் தடவுங்கள். நுரை எழும் இடம்தான் கசிவு. நுரையே எழாமல் முள் மட்டும் இறங்கினால், கியர் ஆயில் ஊற்றும் துளையில் காதை வையுங்கள். கிளட்ச் பக்கச் சீல் வழியாகப் போகும் காற்று அங்கே குமிழியிடும். முடிந்தால் உறிஞ்சியும் சோதிப்பது நல்லது. அழுத்தத்தைத் தாங்கி, உறிஞ்சலில் மட்டும் விட்டுக்கொடுக்கும் சீல்களும் உண்டு. ஆறு பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. நல்ல சீலே இடம்பெயர்ந்துவிடும்.

முள் அசையாமல் நின்ற பிறகுதான் கார்புரேட்டர் பக்கம் திரும்ப வேண்டும். ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது மிகுனி நிறுவனத்தின் ஸ்லைடு வகைக் கார்புரேட்டர்: ஆக்சிலேட்டரைத் திருகினால் ஸ்லைடு மேலேறிக் காற்றுவழியைத் திறக்கும், அதில் தொங்கும் ஊசியான நீடில் பெட்ரோல் வழியைத் திறக்கும். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஆக்சிலேட்டர் மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதிலிருந்து கால் பங்கு தாண்டும்வரை ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். இவை ஒன்றையொன்று கொஞ்சம் தழுவிக்கொள்ளும். நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் வேலை செய்வது நீடில்தான். கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டினால், தடுமாற்றம் எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்துவிடும். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். சூடான என்ஜினில் ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திறந்தால்தான் ஐட்லிங் நிற்கிறதென்றால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரியது. சிறு அடைப்புக்கெல்லாம் ஜெட்டில் கம்பி குத்தும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பித்தளை மென்மையானது. குத்தக் குத்தத் துளை பெரிதாகும், மேலே பொறித்த எண் பொய்யாகிவிடும். பிறகு எந்தக் கையேட்டைப் பார்த்தும் பயனில்லை.

எண்ணெய் விஷயத்தில் நல்லெண்ணத்தால் நேரும் ஒரு தவறு உண்டு. பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில், லிட்டருக்கு 25 மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் 50 மில்லி ஊற்றுவார்கள். ஜெட் வழியாகப் போவது பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்த கலவை. அதில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், குழகுழப்பும் கூடி ஓட்டம் மந்தமாகும். எண்ணெயை மிகுதியாக ஊற்றினால் கலவை லீன் ஆகிறது என்பதை நம்ப மனம் மறுக்கும், ஆனால் உண்மை அதுதான். யமஹாவின் ஆட்டோலூப் பம்பு இந்தச் சிக்கலைத் தவிர்த்தது. என்ஜினின் சுற்றுக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஏற்பத் தனியாக எண்ணெயை அளந்து ஊட்டியது. அதைப் பழுது என்று கழற்றி வீசிய வண்டிகள் ஏராளம். பெரும்பாலும் பழுது பம்பில் இருப்பதில்லை. கேபிள் மாற்றியபோது பம்பின் குறியைப் பொருத்தாமல் விட்டிருப்பார்கள், அல்லது எண்ணெய் ஒருமுறை தீர்ந்தபோது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியிருக்க மாட்டார்கள்.

பம்பு இல்லாத வண்டிக்கு மலைச்சரிவு கொடிய சோதனை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை மூடி, இரண்டாம் கியரில் என்ஜினையே பிரேக்காக வைத்து இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றும். உள்ளே வரும் கலவையோ சொற்பம். எண்ணெயும் அதே சொற்பத்தோடு சரி. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை ஒருமுறை திருகிவிட வேண்டும். பழைய எஸ்டி (Yezdi) டூ-ஸ்ட்ரோக் பைக்கை ஓட்டியவர்களுக்கு இது கை தானாகச் செய்யும் வேலை.

மலைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். சமவெளியில் சரியாக இருந்த கலவையில் அங்கே பெட்ரோல் ஒரு பத்து சதவீதம் கூடிப்போகும். வண்டி திணறும், பிளக் கறுக்கும், ஆனால் பிஸ்டனுக்குக் கேடில்லை. அங்கேயே வசிக்கிறவர் சிறிய ஜெட் போட்டுக்கொள்வதும் நியாயம்தான். அந்த வண்டியை அப்படியே வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசி சாலையில் முறுக்கினால் கதை முடிந்தது.

கையேட்டு எண்ணை வேதமாக எடுத்துக்கொள்ள முடியாதபடி செய்வது இன்றைய பெட்ரோல். 1980-களில் இந்த ஜெட்டுகளைத் தேர்ந்தவர்கள் எத்தனால் கலக்காத பெட்ரோலை வைத்துத் தேர்ந்தார்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த அளவு 13.5 அருகில் வருகிறது. பழைய ஜெட்டில் அதை ஓட்டினால் கலவை ஏறக்குறைய எட்டு சதவீதம் லீன். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகமாகச் சூட்டை எடுத்துக்கொள்வதால் கொஞ்சம் ஈடாகும், முழுதாக ஆகாது. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க உண்மையான நியாயம் உள்ள இடம் இதுதான்; நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் ஊதிப்போவதால், பெட்ரோல் குழாயையும் மிதவை அறை வாஷரையும் புதிதாக்கிவிடுவது உத்தமம்.

பிளக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பாஷ் பிளக்கில் எண் கூடக் கூடச் சூடான வகை, அதாவது நுனி சூட்டை மெதுவாகவே வெளியேற்றும். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர்ந்த வகை. இங்கே மைக்கோ பெயரில் விற்ற பாஷ் பிளக்குகளின் எண்களைப் பழகிய கை, அதே நினைப்பில் என்ஜிகே வாங்கினால் நேர் எதிரானதைப் போட்டுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால், புதுப் பிஸ்டன் பழகிய பிறகு, தேவைக்கு இரண்டு அளவு பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கி இறங்கி வாருங்கள். பெட்ரோல் மிகுந்திருக்கும்போது முழு ஆக்சிலேட்டரில் என்ஜின் விட்டுவிட்டு வெடிக்கும், கேட்கவே பிடிக்காது. ஆனால் பிஸ்டன் பத்திரம். சிறியதில் தொடங்கி ஏறினால் ஒவ்வொரு சோதனையும் ஒரு பிஸ்டனைப் பணயம் வைப்பது. புதுப் பிளக் போட்டு, ஆளில்லாத நேர்ச்சாலையில் மூன்றாம் கியரில் முழுதாகத் திருகி, சில நூறு மீட்டர் போனதும் கிளட்சைப் பிடித்துக்கொண்டே சாவியை அணைத்து, உருண்டு வந்து நிற்க வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நுனியைப் பார்க்காதீர்கள், அது பழைய கதையெல்லாம் சொல்லும். பீங்கான் இரும்புக்குள் இறங்கி மறையும் அடிப்பகுதியில் ஒரு மெல்லிய வளையம் தெரிய வேண்டும், திக்கான காபி நிறத்தில். அங்கே வெண்மையாக இருந்தால் அந்த ஜெட்டில் இன்னொரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது.

சித்திரை மதியத்தில் சரியாக வந்த ஜெட் மார்கழி விடியலில் சரியாக இருக்காது. 40 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கும்போது காற்று ஏழு சதவீதம் அடர்ந்துவிடுகிறது, கலவை மூன்று சதவீதத்துக்கு மேல் லீன் ஆகிறது. அதனால் என் வண்டிக்கான கடைசி ஜெட்டை மார்கழியில், கோலம் போட்டு முடிப்பதற்குள் கிளம்பிப்போய்த்தான் முடிவு செய்கிறேன்.